அஸுகாவை ஏன் விட முடியவில்லை? ஈவாஞ்செலியன் நாயகி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடரின் கதையும் எல்லா முடிவுகளும் இங்கே வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. இன்னும் பார்க்காதவர்கள் முதல் இரண்டு பதில்களையும் கடைசிப் பதிலையும் மட்டும் படித்துவிட்டு, தொடரைப் பார்த்த பிறகு மீதிக்கு வரலாம்.

அஸுகா யார்?

‘நியான் ஜெனிசிஸ் ஈவாஞ்செலியன்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரின் முக்கியப் பாத்திரங்களில் ஒருத்தி. முழுப் பெயர் சோர்யூ அஸுகா லாங்லி. வயது 14. ஜெர்மனியில் வளர்ந்தவள், அமெரிக்கக் குடியுரிமை, கால் பங்கு ஜப்பானிய வம்சம். அந்த வயதிலேயே பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவள். ஈவா எனப்படும் ராட்சத உருவங்களை உள்ளே உட்கார்ந்து இயக்கும் பைலட்டுகளில் ஒருத்தி. சிவப்பு நிற இரண்டாம் எண் ஈவா அவளுடையது.

தொடர் 1995 அக்டோபர் 4 முதல் 1996 மார்ச் 27 வரை டிவி டோக்கியோவில் 26 எபிசோடுகளாக வந்தது. இயக்குநர் ஹிதேயாகி அன்னோ. பாத்திரங்களுக்கு உருவம் கொடுத்தவர் யோஷியூகி சதமோதோ. அஸுகா எட்டாவது எபிசோடில்தான் வருகிறாள்.

கதையை ரெண்டு வரியில் சொல்ல முடியுமா?

2000-இல் நடந்த ஒரு பேரழிவில் மனித இனத்தில் பாதி அழிந்துவிட்டது. 2015-இல் ஏஞ்சல் எனப்படும் விசித்திர உருவங்கள் ஒவ்வொன்றாக வந்து டோக்கியோ-3 நகரைத் தாக்குகின்றன. அவற்றை எதிர்க்க நெர்வ் என்ற அமைப்பு 14 வயதுப் பிள்ளைகளை ஈவாக்களில் ஏற்றி அனுப்புகிறது. ஷிஞ்சி இகாரி என்ற பையன் அப்பாவிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்குவதற்காக ஏறுகிறான். ரெய் அயானாமி உத்தரவு வந்தால் ஏறுவாள். அஸுகா ஒருத்திதான் ஆசையோடு ஏறுபவள்.

கத்துகிறாள், கை நீட்டுகிறாள், எல்லாரையும் முட்டாள் என்கிறாள். இவளை எப்படி இத்தனை பேருக்குப் பிடிக்கிறது?

நியாயமான கேள்வி. எட்டாவது எபிசோடில் போர்க்கப்பல் தளத்தில் மஞ்சள் கவுனோடு வந்து நிற்கிறாள். வந்த ஐந்து நிமிடத்தில் மூன்று பையன்களுக்கு அறை விழுகிறது. “நீ முட்டாளா?” என்பது அவளுடைய நிரந்தர வசனம். ஷிஞ்சியோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவனைப் பாடாய்ப் படுத்துகிறாள்.

ஆனால் அதே எபிசோடில் இன்னொன்றும் நடக்கிறது. கடலுக்கடியிலிருந்து ஏஞ்சல் தாக்குகிறது. அஸுகா தன் ஈவாவுக்கு ஓடுகிறாள். தனியாகப் போகவில்லை; ஷிஞ்சியையும் இழுத்துக்கொண்டு போய், தன்னிடம் இருக்கும் இன்னொரு சிவப்பு உடையை அவனுக்கு மாட்டிவிட்டு, தன் பின்னால் உட்கார வைக்கிறாள். ஏன்? தான் ஓட்டும் அழகை அவன் கண் முன்னால் காட்ட வேண்டுமாம். அவனுடைய உதவி அவளுக்குத் தேவையில்லை. பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

என் அபிப்பிராயத்தில் அஸுகாவின் மொத்தக் கதைக்கும் சாவி இதுதான். அவள் செய்கிற ஒவ்வொன்றிலும் “என்னைப் பார்” என்பது ஒளிந்திருக்கிறது. ஈவாவை இயக்க உதவும் சிவப்பு கிளிப்புகளைப் பள்ளிக்கூடத்திலும் தலையிலிருந்து கழற்ற மாட்டாள். பைலட் என்று எல்லாரும் பார்க்க வேண்டும். அந்தப் பார்வை நின்றுபோனால் தான் இல்லாமல் போய்விடுவோம் என்ற பயம் அவளுக்கு இருக்கிறது. முதல் தடவை பார்க்கும்போது திமிர் மட்டும்தான் தெரியும். முழுத் தொடரும் முடிந்து மறுபடி எட்டாம் எபிசோடுக்கு வந்தால், அதே திமிரில் பயமும் தெரியும். ஒரு அசைவுகூட மாறியிருக்காது. மறுமுறை பார்ப்பதற்கு இவ்வளவு பலன் தரும் பாத்திரங்கள் அனிமேயில் குறைவு. அவளுடைய ரசிகர்கள் குறையாமல் இருப்பதற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

அம்மாவிடமிருந்து. கியோகோ சோர்யூ செப்பலின் ஒரு விஞ்ஞானி. இரண்டாம் எண் ஈவாவோடு செய்த பரிசோதனை ஒன்றில் அவளுடைய மனம் சிதைந்துபோகிறது. மருத்துவமனைக் கட்டிலில் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு, அதைத் தன் மகள் என்று நினைத்துக் கொஞ்சுகிறாள். உண்மையான மகள் கதவுக்கு வெளியே நிற்கிறாள். அம்மாவின் கண்ணுக்கு அவள் யாரோ.

பைலட்டாகத் தேர்வானதும் குழந்தை அஸுகா அம்மாவிடம் சொல்ல ஓடுகிறாள். உலகத்தைக் காக்கத் தன்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், இது ரகசியம், அம்மாவுக்கு மட்டும் சொல்கிறேன், அப்பா இல்லாவிட்டால் பரவாயில்லை, என்னைப் பாரும்மா என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறக்கிறாள். அம்மா தூக்கில் தொங்குகிறாள். பக்கத்தில் அந்தப் பொம்மையும்.

இறுதிச் சடங்கில் ஒரு பெண்மணி “அழலாம் கண்ணே” என்கிறாள். குழந்தை, “நான் அழ மாட்டேன்; இனி நானே யோசித்து நடந்துகொள்வேன்” என்கிறது. அதன் பிறகு பத்து வருடத்துக்கு அவள் வளர்ந்ததெல்லாம் அந்த ஒரு முடிவின் மேல்தான்.

சோகமான சிறுவயது எல்லா அனிமே பாத்திரங்களுக்கும்தான் இருக்கிறது. இதில் என்ன புதுமை?

கதை அதைச் சொல்லும் இடம். வழக்கமாக இப்படிப்பட்ட பழைய கதை சீக்கிரமே வந்துவிடும். பாத்திரம் அழும், நாயகன் ஆறுதல் சொல்வான், அதோடு கோபம் தணிந்துவிடும். இங்கே முழுக்கதையும் 22-ஆம் எபிசோடில்தான் வருகிறது. அதுவரை துணுக்குகள் மட்டும்: ஒன்பதாம் எபிசோடில் தூக்கத்தில் “அம்மா” என்று முனகுகிறாள், கண்ணில் ஒரு துளி. ஷிஞ்சி அதைப் பார்த்து, இவளே ஒரு குழந்தைதான் என்று முணுமுணுக்கிறான். அவ்வளவுதான். விடிந்ததும் பழையபடி சண்டை.

அப்புறம், உண்மை தெரிந்த பிறகும் யாரும் அவளுக்கு உதவுவதில்லை. பெரியவர்களுக்கு வேறு அவசரங்கள். ஷிஞ்சியால் தன்னையே தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. ஆறுதல் சொல்லாமல் கதையை நகர்த்தும் அந்தக் கண்டிப்பு பார்வையாளரைச் சும்மா விடாது. கதைக்குள் யாரும் செய்யாததைச் செய்ய வேண்டும் என்ற தவிப்பு நமக்கு வந்துவிடுகிறது.

அவளைப் புரிந்துகொள்ள ஒரு காட்சியைச் சொல்லுங்கள் என்றால்?

லிஃப்ட் காட்சி. 22-ஆம் எபிசோட்.

ஈவாவோடு அவளுக்கு இருக்கும் ஒத்திசைவு அளவு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவள் லிஃப்டில் நிற்கிறாள், பின்னால் ரெய். ஏறத்தாழ ஐம்பது விநாடிக்குப் படம் அசைவதே இல்லை என்று சொல்லலாம். பேச்சு இல்லை, இசை இல்லை, லிஃப்ட் இறங்கும் சத்தம் மட்டும். இந்தத் தொடரில் இப்படிப்பட்ட அசையாத காட்சிகள் இன்னும் சில உண்டு. ஆனால் இந்த அளவுக்கு மூச்சு முட்டுவது இதில்தான். ரெண்டு பெண்களுக்கும் ஒருவரோடு ஒருவர் பேச எதுவுமே இல்லை என்பதை நாமும் நின்று அனுபவிக்கிறோம்.

கடைசியில் ரெய் வாய் திறக்கிறாள்: மனதைத் திறக்காவிட்டால் ஈவா அசையாது. அஸுகா கொதித்துப் போகிறாள். அந்தப் பொம்மைக்கு மனசா என்கிறாள். ரெய்யையும் பொம்மை என்கிறாள். நெர்வ் தளபதி சாகச் சொன்னால் செத்துவிடுவாயா என்று கேட்கிறாள். ரெய், “ஆமாம்” என்கிறாள். பளார் என்று ஒரு அறை.

மேலோட்டமாகப் பார்த்தால் பொறாமை. ஆனால் பொம்மை என்ற வசவை அவள் எங்கிருந்து எடுத்தாள்? தன் அம்மாவைத் தன்னிடமிருந்து பறித்தது ஒரு பொம்மை. அவளுக்கு உலகத்திலேயே கேவலமான பொருள் அதுதான். சொன்னபடி ஆடும், சொந்த விருப்பம் இல்லை, ஆனாலும் எல்லாருடைய அன்பும் அதற்குத்தான் போகிறது. ரெய்யைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வருகிறது. இதை எந்தப் பாத்திரமும் விளக்கிச் சொல்வதில்லை. நாமாகக் கோர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதே எபிசோடில் விண்வெளியில் நிற்கும் ஒரு ஏஞ்சல் ஒளிக்கற்றை ஒன்றை அனுப்பி அவள் மனதுக்குள் புகுகிறது. பின்னணியில் ஹேண்டலின் ‘மெசையா’விலிருந்து அல்லேலூயா பாட்டு. பூட்டி வைத்த ஞாபகங்கள் ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போடப்படுகின்றன. அவளைக் காப்பாற்றுவது யார்? ரெய். அஸுகாவுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. அவளிடம் காப்பாற்றப்படுவதற்குச் செத்தே போயிருக்கலாம் என்று ஷிஞ்சியிடம் கத்துகிறாள்.

அவளிடம் நல்ல குணம் எதுவுமே இல்லையா?

நிறைய இருக்கிறது, ஆனால் அவளே மூடி மறைப்பாள். பத்தாம் எபிசோடில் அசாமா எரிமலைக் குழம்புக்குள் இறங்கி அவள் சண்டை போடுகிறாள். கேபிள்கள் அறுந்து மூழ்கப் போகும்போது ஷிஞ்சி குதித்துப் பிடித்துக்கொள்கிறான். அடுத்த எபிசோடில் நகரமே மின்சாரம் இல்லாமல் கிடக்கிறது. மேலிருந்து அமிலம் ஊற்றும் ஏஞ்சல். அஸுகா தன் ஈவாவின் முதுகைக் கொடுத்து அமிலத்தைத் தாங்கிக்கொள்கிறாள், ஷிஞ்சி கீழேயிருந்து சுடுகிறான். அன்றைக்குப் பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான் என்பது அவளுடைய விளக்கம். நன்றி சொல்லத் தெரியாத ரோஷக்காரி. நன்றியைக்கூடக் கணக்காகத்தான் தீர்ப்பாள்.

23-ஆம் எபிசோடில் தோழி ஹிகாரியின் வீட்டில் தங்கியிருக்கும்போது, இருட்டில் முதுகைத் திருப்பிப் படுத்துக்கொண்டு, எல்லாரையும் வெறுக்கிறேன், எல்லாரையும்விட என்னைத்தான் வெறுக்கிறேன் என்கிறாள். நீ நன்றாகத்தான் செய்தாய் என்று ஹிகாரி சொல்கிறாள். அஸுகா அழுகிறாள். தொடரில் அவளிடம் அன்பாகச் சொல்லப்படும் வார்த்தைகள் மிகக் குறைவு. ஒன்று இது.

ட்சுன்டெரே வகைக்கு அவள்தானே முன்னோடி?

வெளியே சிடுசிடுப்பு, உள்ளே காதல் என்ற அந்த வகைக்கு அவளைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அவளுக்குப் பிறகு வந்த சிவந்த தலைமுடி, சுருக்கென்ற நாக்கு நாயகிகள் ஏராளம். எனக்கு அந்த அடையாளத்தில் உடன்பாடில்லை. அந்த வகை நாயகியின் கோபம் வெட்கத்திலிருந்து வருவது. நாயகன் பொறுமையாக இருந்தால் கரைந்துவிடும். அஸுகாவின் கோபத்துக்கும் ஷிஞ்சிக்கும் பாதிதான் சம்பந்தம். அவனைச் சந்திப்பதற்குப் பத்து வருடம் முன்பே அது தொடங்கிவிட்டது.

ரெய்யா, அஸுகாவா?

ரசிகர்கள் 1990-களிலிருந்து அடித்துக்கொள்ளும் கேள்வி. அமைதி ஒரு பக்கம், ஆர்ப்பாட்டம் ஒரு பக்கம். நான் அஸுகா கட்சி என்பது இதற்குள் தெரிந்திருக்கும். ஆனால் ஒருத்தி இல்லாமல் இன்னொருத்திக்கு அர்த்தமில்லை. ரெய்க்குச் சொந்தமாக ஒரு விருப்பம் முளைப்பதுதான் அவள் கதை. அஸுகா தன் விருப்பத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு நின்று, அதுவும் கைநழுவிப் போவதைப் பார்க்கிறாள். லிஃப்டில் அவர்களை ஒன்றாக நிற்க வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

பெயரில் ஏதோ கப்பல் சமாச்சாரம் உண்டாமே?

உண்டு. சோர்யூ ஜப்பானியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல், 1942-இல் மிட்வே சண்டையில் மூழ்கியது. லாங்லி அமெரிக்காவின் முதல் விமானந்தாங்கிக் கப்பல். அம்மாவின் பெயரில் உள்ள செப்பலின், ஜெர்மனி கட்டி முடிக்காமலே விட்ட கிராஃப் செப்பலினிலிருந்து வந்தது. மூன்று நாட்டு வம்சமும் பெயரிலேயே இருக்கிறது. கதையைப் புதிதாகச் சொல்லும் ரீபில்ட் என்ற நான்கு திரைப்படங்களில் அவள் பெயரில் வரும் ஷிகினாமி ஒரு நாசகாரிக் கப்பலின் பெயர்.

அவளுக்குக் குரல் கொடுத்தவர் யார்?

ஜப்பானிய மொழியில் யூகோ மியாமுரா. ‘டிடெக்டிவ் கோனன்’ பார்ப்பவர்களுக்கு கசுஹாவாகவும், வீடியோ கேம் ஆடுபவர்களுக்கு ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ சுன்-லியாகவும் தெரிந்த குரல். 1995-இல் தொடங்கி 2021 படம் வரை அஸுகா அவர்தான். ஆங்கிலத்தில் பழைய டப்பிங்கில் டிஃபனி கிராண்ட். 2019-இல் நெட்ஃபிளிக்ஸுக்காகச் செய்த புது டப்பிங்கில் ஸ்டெஃபனி மெக்கியான்.

முடிந்தால் ஜப்பானிய ஒலியில் பாருங்கள். 22-ஆம் எபிசோடில் மியாமுராவின் குரல் அதட்டலிலிருந்து கெஞ்சலுக்கு இறங்கும் விதத்தை சப்டைட்டில் காட்டாது.

‘எண்ட் ஆஃப் ஈவாஞ்செலியன்’ படத்தில் அவளுக்கு என்ன நடக்கிறது?

1997 ஜூலை 19 அன்று வந்த படம். தொடரின் முடிவில் அஸுகா பேச்சு மூச்சில்லாமல் மருத்துவமனையில் கிடக்கிறாள். ராணுவம் நெர்வ் தலைமையகத்தைத் தாக்கும்போது அவளை இரண்டாம் எண் ஈவாவுக்குள் வைத்து ஏரிக்கடியில் ஒளித்து வைக்கிறார்கள். வெடிகுண்டுகள் விழுகின்றன. சுருண்டு கிடந்து, சாக விருப்பமில்லை என்று மறுபடி மறுபடி சொல்கிறாள்.

அப்போது தெரிந்துகொள்கிறாள்: அம்மா இந்த ஈவாவுக்குள்தான் இருக்கிறாள். என்னைக் காத்துக்கொண்டிருக்கிறாய், என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், எப்போதும் கூடவே இருந்திருக்கிறாய் என்று அவள் சொல்லும்போது, எட்டாம் எபிசோடிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்ததற்கு விடை கிடைத்துவிடுகிறது. பொம்மை என்று திட்டிய ஈவாவுக்குள் அம்மா!

ஏரி பிளந்து ஈவா எழுகிறது. மின் கேபிள் அறுந்துபோக, பேட்டரியில் மிச்சமிருப்பது மூன்றரை நிமிடம். எதிரே ஒன்பது வெள்ளை ஈவாக்கள். அவள் ஜெயிக்கிறாள், ஒன்பதையும் வீழ்த்துகிறாள், இடையில் பாக்கின் ‘ஏர்’ ஒலிக்கிறது. பிறகு அவை எழுந்து வருகின்றன. அதற்கு மேல் நடப்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். ஷிஞ்சி வந்து சேரும்போது காலம் கடந்துவிட்டது.

கடைசிக் காட்சி சிவப்புக் கடற்கரை. கண்ணிலும் கையிலும் கட்டோடு அஸுகா கிடக்கிறாள். ஷிஞ்சி அவள் கழுத்தை நெரிக்கிறான். அவள் எதிர்க்கவில்லை, கையை உயர்த்தி அவன் கன்னத்தைத் தடவுகிறாள். அவன் உடைந்து அழுகிறான். அருவருப்பாக இருக்கிறது என்கிறாள். படம் முடிந்துவிடுகிறது.

அந்த வரிக்கு விளக்கம் கேட்டு ரசிகர்கள் ஏறத்தாழ முப்பது வருடமாகப் பேசுகிறார்கள். அவனைச் சொல்கிறாளா, தன்னையா, உயிரோடு திரும்பி வந்ததையா? என் வாசிப்பு எளிமையானது. மனிதர்கள் எல்லாரும் ஒன்றாகக் கரைந்துபோன உலகத்தில், தனி ஆளாகத் திரும்பி வந்து, தனக்குப் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் முதல் குரல் அவளுடையது. அதைச் சொல்ல அவளைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

14 வயதுப் பெண்ணைப் படைப்பாளிகள் காட்டியிருக்கும் விதம் உறுத்தவில்லையா?

உறுத்துகிறது. கேமரா பல இடங்களில் அவளைப் பார்க்கும் பார்வை தேவையற்றது. அவளை வைத்து வந்த விற்பனைப் பொருட்கள் அதைவிட மோசம். யாராவது தன்னைப் பார்க்க மாட்டார்களா என்று ஏங்கும் ஒரு குழந்தையின் கதையைச் சொல்லிவிட்டு, அவளை இப்படிப் பார்ப்பது அந்தக் கதைக்கே செய்யும் துரோகம். பாத்திரத்தை நேசிக்கிறவர்கள் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ரீபில்ட் படங்களில் வருவது அதே அஸுகாவா?

இல்லை. 2007-இல் வந்த முதல் படத்தில் அவள் கிடையாது. 2009 படத்தில் ஷிகினாமி அஸுகா லாங்லி என்று வருகிறாள்: கொஞ்சம் மென்மையானவள், சமைக்கக் கற்றுக்கொள்பவள். 2012 படத்தில் கதை பதினான்கு வருடம் தாண்டிவிடுகிறது. ஒரு கண்ணை மறைத்த கட்டோடு, உடம்பு வளராமல், மனம் மட்டும் மூத்த போர்வீராங்கனையாக நிற்கிறாள். 2021 மார்ச்சில் வந்த கடைசிப் படத்தில், அவள் ஷிகினாமி வரிசையில் உருவாக்கப்பட்ட குளோன் என்று தெரிகிறது.

பழைய ரசிகர்களில் பலருக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. அம்மா கதையே போய்விட்டது என்பது நியாயமான குறை. ஆனால் கடைசிப் படத்தில் ஒரு இடம் உண்டு. தனியாக நிற்கும் குழந்தை அஸுகாவுக்கு முன்னால் ஒரு பெரிய பொம்மை வருகிறது. வேஷத்துக்குள் இருப்பது கென்சுகே. எட்டாம் எபிசோடில் போர்க்கப்பலை வாய் பிளந்து பார்த்த அதே பள்ளித் தோழன். அவள் தலையைத் தடவி, அஸுகா அஸுகாதான், அதுவே போதும் என்கிறான். முதல் கதையில் அவளிடம் யாரும் சொல்லாத வாக்கியம், அதுவும் ஒரு பொம்மை உருவத்திலிருந்து. இந்த இடத்துக்காக மற்றக் குறைகளை நான் மன்னித்துவிட்டேன்.

ஷிஞ்சியும் அவளும் சேர்ந்திருக்க வேண்டாமா?

வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். கடைசிப் படத்தில் அதே மாதிரி ஒரு கடற்கரையில், என்னைப் பிடிக்கும் என்று சொன்னதற்கு நன்றி, எனக்கும் உன்னைப் பிடித்திருந்தது என்று ஷிஞ்சி சொல்லி அவளை அனுப்பிவைக்கிறான். இரண்டு பேரும் நீரில் தத்தளிக்கிறவர்கள். ஒருவரையொருவர் பிடித்தால் இருவரும் மூழ்குவார்கள்.

இவளுக்காக மட்டும் பார்க்க வேண்டுமானால் எங்கே தொடங்குவது?

குறுக்குவழி வேண்டாம், முதல் எபிசோடிலிருந்தே தொடங்குங்கள். அஸுகா வருவதற்கு முன்பு அந்த வீடும் பள்ளிக்கூடமும் எவ்வளவு அமைதியாக இருந்தன என்று தெரிந்தால்தான் அவள் வருகையின் சத்தம் புரியும். 26 எபிசோடும் முடிந்ததும் ‘எண்ட் ஆஃப் ஈவாஞ்செலியன்’. 21 முதல் 24 வரை பின்னர் விரிவாக்கப்பட்ட வடிவங்களும் உண்டு. 22-ஐ அந்த வடிவத்தில் பார்ப்பது நல்லது, அவளுடைய பகுதி அதில் கூடுதலாக இருக்கிறது. ரீபில்ட் படங்கள் நான்கையும் கொஞ்ச நாள் இடைவெளி விட்டுப் பாருங்கள். சதமோதோ வரைந்த மாங்காவில், அதாவது காமிக்ஸ் வடிவத்தில், அவளுடைய பிறப்புக் கதை வேறு மாதிரி. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். தற்கொலையும் மனச்சிதைவும் நேரடியாகக் காட்டப்படுகின்றன, ஆகவே மனம் சரியில்லாத நாளில் 22-ஐத் தொடாதீர்கள்.